மூன்றாவது பிள்ளைக்கும் வளைகாப்பு

அம்மாவுக்கு,

மஸ்கட்டில் எல்லோரும் நலம். என் வயிற்றில் யார் முதலில் காது வைப்பதென்று மூத்தவளுக்கும் சின்னவனுக்கும் தினமும் சண்டை.

எனக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. இங்கேயே வளைகாப்பு வைத்திருக்கிறேன். "தலைச்சனுக்குத்தானே போடுவாங்க, மூணாவதுக்கு யாராவது செய்வாங்களா?" என்று என் மாமியார் போனில் கேட்டார். "நான் செய்யறேன் அத்தை" என்றேன்.

தலைச்சனுக்குத் திருவையாற்றில் ஊரே வந்து எனக்கு வளையல் போட்டது. அப்பா போன மறுவருஷம் அது. நீ சமையற்கட்டில் புளிசாதம் கிளறிக்கொண்டே இருந்தாய். உன்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

விசாவும் டிக்கெட்டும் அனுப்பியிருக்கிறேன். பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வா. முதல் வளையலை நீதான் போடுகிறாய். சாதமெல்லாம் கடையில் சொல்லிவிட்டேன். சமையலறைப் பக்கம் கால் வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

உன் மகள்