லாரி பேட்டரியில் ஓடிய பொம்மைக் கார்

6 மார்ச் 1983, ஞாயிறு
இன்றும் ஆராதனைக்குப் போகவில்லை. வீட்டுக்காரி கிருபாவதி மட்டும் போய் வந்தாள். பட்டறையிலிருந்து என் லாரி வந்து வாசலில் நிற்கிறது. பிரேக்கெல்லாம் புதுசு. பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

என் கிளீனர் சங்கிலி செத்துப்போய் இரண்டு மாதம். போடிமெட்டு மலை இறக்கத்தில் நான் ஓட்டிய வண்டி பிரேக் பிடிக்காமல் போனபோது டயருக்குக் கட்டை கொடுக்கக் குதித்தவன், அதே டயரில் மாட்டிக்கொண்டான். இதை எழுதும்போதுகூடக் கை நடுங்கவில்லை. மனுசன்தானா நான்?

8 மார்ச், செவ்வாய்
சங்கிலி பெண்சாதி அய்யம்மாள் வந்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தேவாரம் ஊருக்கு, அண்ணன் வீட்டோடு இருக்கப் போகிறாளாம். "சாமானை நம்ம வண்டியிலயே கொண்டு போயி விடுங்கண்ணே. அவுக ஓடுன வண்டி. வேற வண்டி வேணாம்." வருகிற சனி இல்லை, அதற்கு அடுத்த சனிக்கிழமை.

பார்ப்போம் என்றேன். எதைப் பார்ப்பது? ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை மரத்துப்போகிறது.

11 மார்ச், வெள்ளி
மைத்துனன் பொன்னுராஜ் குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். முப்பது வயசுக்காரன், தனக்கென்று ஒரு விளையாட்டுக் கார் செட் வாங்கி வந்திருக்கிறான்! கறுப்புப் பிளாஸ்டிக் ரோடு, துண்டு துண்டாகக் கோத்து வளையமாக்க வேண்டும். இரண்டு காருக்கு ரோட்டின் நீளத்துக்கும் இரண்டு காடி, கோடு கிழித்த பள்ளம் மாதிரி, ஒவ்வொரு காடிக்கும் இருபுறம் கம்பிப் பட்டை. கார் அதிலிருந்து கரண்ட் எடுத்து ஓடும். கையில் உள்ள சுவிட்சை அழுத்துகிற அளவுக்கு வேகம். ஸ்டியரிங் கிடையாது. அது எனக்குப் பிடித்தது.

"சும்மாதான இருக்கீக மச்சான், வயர் இழுத்துக் குடுங்க" என்று எங்கள் நடுவீட்டில் செட்டைப் பலகையோடு போட்டுவிட்டுப் போனான்.

12 மார்ச், சனி
பாதி நாள் கரண்ட் இல்லை. லாரி பேட்டரியைக் கழற்றி வந்து இதற்கு மாட்டினேன். கிருபாவதி பார்த்துக்கொண்டே நின்றாள். "விளையாட்டுக்குக் கழட்டுனீகளா? வண்டி கிளம்பக் கூடாதுன்னு கழட்டுனீகளா?"



14 மார்ச், திங்கள்
பேட்டரிக்குப் பக்கத்தில் கார் பறக்கிறது. எட்டத்து வளைவில் சோர்ந்து நின்றுவிடுகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் கரண்ட் கொஞ்சம் குறைகிறது. அங்கங்கே தனி வயர் கொடுக்க வேண்டும், இரண்டு காருக்கும் போக வர என்று இடத்துக்கு நாலு. பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து முறுக்கினேன். எது எங்கே போகிறதென்றே தெரியவில்லை. கோபத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன் — அப்புறம் கோபமும் இல்லை.

15 மார்ச், செவ்வாய்
அட மடையா, லாரியில் விளக்குக்கு எத்தனை வயர்? ஒன்றுதானே! கரண்ட் திரும்பி வர வண்டியின் பாடி இரும்பு இருக்கிறது.

எண்ணெய் டின்னைப் பிரித்துத் தட்டிப் பலகையின் அடியில் அடித்தேன். பேட்டரியின் மைனஸ் தகரத்துக்கு. மைனஸ் பட்டைகளை அங்கங்கேயே தகரத்தோடு பற்றவைத்தாயிற்று. பிளஸ்ஸுக்கு மட்டும் வயர், ஒரு காருக்குச் சிவப்பு, மற்றதுக்கு மஞ்சள். லாரி ஃபியூஸ் ஒன்று. பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து நின்றபடியே முடித்தேன். பாதி வயர் மிச்சம்.

16 மார்ச், புதன்
எட்டத்து வளைவில் இப்போது முழு வேகம். முதல் சுற்றிலேயே கார் தெறித்துத் தரையில் விழுந்தது. "ஐயோ ஆண்டவரே!" என்று கிருபாவதி முகத்தை மூடிக்கொண்டாள். நான் எடுத்து மறுபடி வைத்தேன்.

17 மார்ச், வியாழன்
வளைவு வருமுன்னே விரல் தளர்கிறது. நான் சொல்லாமலே. நாள் பூராவும் ஓட்டினேன், ஒரு தடவைகூட விழவில்லை.

சங்கிலி இருந்தால், "இதுக்கும் கிளீனர் வேணுமாண்ணே?" என்று கேட்டிருப்பான்.

18 மார்ச், வெள்ளி
நாளைக்குச் சனிக்கிழமை. அய்யம்மாள் ஆள் அனுப்பிக் கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

19 மார்ச், சனி
போனோம். அய்யம்மாள் முன்னால், சங்கிலியின் இடத்தில் உட்கார்ந்தாள். சிலமலை ஊரைத் தாண்டும்வரை கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டேன். இறங்கும்போது அவள் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திரும்பும்போது பக்கத்து சீட் காலி. ஓரமாக நிறுத்தி அழுதேன். சத்தம் போட்டு அழுதேன்.

வீட்டில் பொன்னுராஜ் சுவிட்சை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன மச்சான், ஓடலையே?"

"பேட்டரி வண்டியில இருக்குப்பா" என்றேன்.