குமிழ்த் தாள் ஒட்டிய ஜன்னல்

ஜனவரி 7, திங்கள்

இன்றும் காபி நேரத்துக்குப் பிறகு தலைவலி. நெற்றியின் இரண்டு பக்கமும் யாரோ கட்டைவிரல் வைத்து அழுத்துவது போல. நேற்று ஞாயிறு, வீட்டில் ஒன்றுமே இல்லை. இன்று தையல் பட்டறைக்குப் போனேன், வந்துவிட்டது.

பள்ளியிலும் இதேதான். ஞாயிற்றுக்கிழமை இருக்காது, திங்கள் வந்தால் தலை, வயிறு எல்லாம் வலிக்கும். டாக்டர் அம்மாவிடம் சொன்னார்: "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் மனசுதான்." திரும்பும் பேருந்து முழுக்க அம்மாவின் முகம் ஜன்னல் பக்கமே. அடுத்த மாதம் படிப்பை நிறுத்தினேன்.

இங்கேயும் மனசுதானா?

யாரிடமும் சொல்லக் கூடாது. என்னைப் போல வாய் திறக்காத ஒருத்தியை வேலைக்கு வைத்துக்கொண்டது குவாக் முதலாளி மட்டும்தான். நூல் வெட்ட, பொத்தான் தைக்க, காபி கலக்கப் பேச வேண்டியதில்லை. இதுவும் போனால் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஜனவரி 10, வியாழன்

பள்ளியை விட்டவர்களுக்கான மையத்தில் வகுப்பு. ஹேவோன் டீச்சர் உளவியல் படிக்கும் மாணவிதான். எங்களைவிட அவருக்குத்தான் பதற்றம். போனைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

ஓர் ஆராய்ச்சி. ஓர் அறையில் ஆட்களை உட்காரவைத்துத் தாளில் எழுதச் சொல்கிறார்கள். சுவரிலிருந்து புகை வருகிறது. தனியாக இருப்பவர் எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறார். பலர் இருந்தால் உட்கார்ந்தே இருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவர் சும்மா இருக்கிறார், அப்படியானால் ஒன்றுமில்லை போல என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கண் எரிந்தாலும் கையால் விசிறிக்கொண்டு எழுதுகிறார்கள்.

"நீங்கன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"நான் வீடியோ எடுப்பேன் டீச்சர்," என்றாள் முடிக்குப் பச்சைச் சாயம் பூசிய ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் கேட்டபோது மேசையைப் பார்த்தேன். நான் தனியாக இருந்தாலும் உட்கார்ந்தேதான் இருப்பேன்.

ஜனவரி 14, திங்கள்

பட்டறையில் மெஷின் தைக்கும் கில்ரே அக்கா என்னைப் படிக்கட்டுக்கு அழைத்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் சிரிப்பு.

"போரம், யார்கிட்டயும் சொல்லாதடி. ரெண்டு வாரமா குமட்டுது. தலை சுத்துது. சோறு வாசனையே ஆகல."

எனக்கு முதலில் புரியவில்லை. தோளில் தட்டினாள்.

"மக்கு! கல்யாணமாகி ஏழு வருஷம். இதுகூடவா புரியல?"

இன்னும் பரிசோதித்துப் பார்க்கவில்லையாம். பிப்ரவரியில் வரும் சந்திரப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய் மாமியார் முன்னால்தான் பார்ப்பாளாம். "போன வருஷம் அந்தம்மா எனக்குப் புத்தாண்டு ரைஸ் கேக் சூப்பை ஊத்தாம எல்லாருக்கும் ஊத்துச்சு. இந்த வருஷம் முதல் கிண்ணம் எனக்குத்தான்."

திரும்பி வந்து தைக்கும்போது பாடிக்கொண்டே தைத்தாள்.

ஜனவரி 16, புதன்

முதலாளி ஆடை தேய்க்கும் மேசைக்குப் பின்னால் திரும்பி நின்று மாத்திரை போட்டுக்கொண்டார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

ஜனவரி 17, வியாழன்

மையம். ஹேவோன் டீச்சர் இன்று சொன்னது: "தனிமையா இருக்கான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்வாங்க. உங்களைச் சுத்தி இருக்குறவங்க தனிமையா இருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க, கதை கதையா வரும். தன்னோடதையும் அதுலயே சொல்லிடுவாங்க."

வீட்டுக்கு வரும்போது குளிரில் தலை லேசாக இருந்தது. தினமும் பட்டறையிலிருந்து வரும்போது பாதி வழியிலேயே வலி போய்விடுகிறது. மனசு என்றால் கூடவே வராதா?

ஜனவரி 18, வெள்ளி

இன்று கேட்டேன். பாக்கெட் காபியை ஒவ்வொருவரிடமும் கொடுக்கும்போது தனித்தனியாக.

இன்னொரு மெஷினில் தைக்கும் மியங்சுன் சித்தியிடம் (பட்டறையில் எல்லோருக்கும் அவர் சித்திதான்): "சித்தி, இங்க யாருக்காவது தலைவலி இருக்கோ?"

"முதலாளிக்குத்தான். ரத்தக் கொதிப்பு அந்த மனுசனுக்கு. எனக்கா? எனக்கென்ன, மாதவிலக்கு நின்னு போற வயசு, கொஞ்சம் தலை கனக்கும். ஞாயித்துக்கிழமை படுத்தா சரியாயிடும்."

ஞாயிற்றுக்கிழமை!

முதலாளியிடமும் அதையே கேட்டேன்: "சித்திக்குத்தான். வயசாயிடுச்சில்ல. இந்தா, நூலை வெட்டு, சந்தைக்கு ஏழு மணிக்கு வண்டி வந்துடும்."

கில்ரே அக்காவிடம் கேட்கவில்லை.

நான்கு பேர். நான்கு காரணம். ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு, ஒருவருக்கு வயது, ஒருத்திக்குக் குழந்தை, எனக்கு மனசு. ஆளுக்கொரு காரணத்தை வைத்துக்கொண்டு, அடுத்தவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

புகை மட்டும்தான் இல்லை.

ஜனவரி 20, ஞாயிறு

தலைவலி இல்லை. போனில் தேடிப் படித்தேன். மூடிய அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தால் ஒரு வாயு வருமாம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், குமட்டல். பிறகு தூக்கம்.

எங்கள் பட்டறை பாதி தரைக்குக் கீழே. இருப்பது ஒரே ஜன்னல்தான். டிசம்பரில் முதலாளி குமிழ் குமிழான பிளாஸ்டிக் தாளை அதன்மேல் ஒட்டி, ஓரமெல்லாம் டேப் போட்டார். கதவிடுக்கில் துணி அடைத்தது நான்தான். நடுவில் அடுப்பு. அதன்மேல் கெட்டில், சர்க்கரைவள்ளிக்கிழங்கு. குளிருக்கு எல்லோரும் அதைச் சுற்றித்தான்.

நான் நினைப்பது சரியென்றால் கில்ரே அக்காவுக்குக் குழந்தை இல்லை.

தப்பென்றால் நான் பைத்தியம். பள்ளியில் சொன்ன மாதிரியே.

எது வேண்டும் எனக்கு? இரண்டும் வேண்டாம்.

ஜனவரி 21, திங்கள்

சொல்ல எழுந்தேன். முதலாளி "என்ன?" என்றார். "காபி வேணுமா" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

ஜனவரி 22, செவ்வாய்

எழுத முடியுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

புத்தாண்டுக்கு முந்தைய ஆர்டர், யாரும் தலை நிமிரவில்லை. கில்ரே அக்கா ஒரு சட்டைக் கையைத் தைத்தாள், கோணலாகப் போனது. பிரித்தாள். மறுபடி தைத்தாள், மறுபடி கோணல். அப்புறம் எழுந்து, மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நேரம். ஒண்ணுமில்ல," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

சித்தி முதலாளியைப் பார்த்தார். முதலாளி சித்தியைப் பார்த்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் முகமும் சும்மாதான் இருந்திருக்கும். சித்தியின் மெஷின் மறுபடி ஓடியது.

டீச்சர் சொன்ன அந்த அறை. அதே அறை!

நூல் வெட்டுகிற கத்திரியோடு ஜன்னலுக்கு ஓடினேன். பிளாஸ்டிக் தாளைக் கிழித்தேன். டேப் வரவில்லை, நகம் பிய்ந்தது.

"ஏய்! கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? வெளியில மைனஸ் பத்து!"

குரல் வரவில்லை. பள்ளியில் படிக்கச் சொல்லி எழுப்பியபோது அடைத்துக்கொண்ட அதே இடம். வாயைத் திறந்தால் காற்று மட்டும். சித்தியை நோக்கி விரலை நீட்டினேன். அம்மாவைவிட மூத்தவர், அவருக்கு நேராக விரல் நீட்டினேன்.

"சித்தி! நீ கதவத் தொற! முதலாளி, நீங்க அடுப்ப அணைங்க! எல்லாருக்கும் தலை வலிக்குதுல்ல? எல்லாருக்கும்தான வலிக்குது? ஏன் யாருமே சொல்லல!"

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது தெரியாது.

பிறகு முதலாளி மெதுவாக, "ஆமா. எனக்கு வலிக்குது," என்றார். திட்டு வாங்கிய சின்னப் பையன் மாதிரி சொன்னார். சித்தி கதவிடம் போய்விட்டார்.

கில்ரே அக்காவை மூன்று பேரும் சேர்ந்துதான் படியில் தூக்கிப் போனோம். சித்தி வழியெல்லாம் அவள் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தார்: "கண்ணத் தொறடி, தடிச்சி, என்னா கனம் கனக்குற." தெருவில் பனி. முதலாளி 119 அவசர எண்ணுக்குப் பேசினார், பட்டறையின் முகவரியையே மறந்துவிட்டார்.

தீயணைப்புக்காரர் ஒரு சின்னக் கருவியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். அது கத்தத் தொடங்கியதும் படியேறி வந்துவிட்டார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா..." என்றவர் எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜனவரி 23, புதன்

எங்கள் மூவரையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கில்ரே அக்காவுக்கு மட்டும் இன்னும் பிராணவாயு. உயிருக்குப் பயமில்லை.

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் பார்த்துவிட்டார்கள். எல்லாம் என்றால் அதையும்.

இல்லை.

நான் கதவுக்கு வெளியே நின்றபோது, அவள் கணவர் அவளிடம் அதைச் சொன்னது கேட்டது. உள்ளே போகாமல் வந்துவிட்டேன். வாங்கிப் போன ஆரஞ்சுப் பையை நர்ஸிடம் கொடுத்தேன்.

ஜனவரி 24, வியாழன்

மையத்துக்குப் போகவில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

புத்தாண்டு விடுமுறை முடிந்து இன்று பட்டறை திறந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு இல்லை, மின்சார ஹீட்டர். ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கிறது. எல்லோரும் கனத்த கோட்டோடு தைக்கிறோம். சித்தி கையைத் தூக்கினால் கரடி மாதிரி இருக்கிறார்.

கில்ரே அக்கா வந்தாள். நான் குனிந்தே இருந்தேன். அவள் நேராக என்னிடம் வந்து, காபியைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் நெனச்சேன்டி, நீ பேசாமலே இருந்திருக்கலாம்னு. ஆஸ்பத்திரியில. ஒரே ஒரு நிமிஷம்தான்."

"சரிக்கா," என்றேன். அவள் தன் இடத்துக்குப் போனாள்.

மதியத்துக்கு மேல் சித்தி சத்தமாக, "எனக்கு இடுப்பு வலிக்குது!" என்று அறிவித்தார். முதலாளி தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்தார். "எனக்கு முழங்கால்." சித்தி என் பக்கம் திரும்பினார். "ஏய் சின்னவளே, உனக்கு?"

"கை விறைச்சிருக்கு," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி.

"இது பட்டறையா, ஆஸ்பத்திரியா?" என்று முதலாளி முணுமுணுத்தார். சித்தி சிரித்தார். மெஷின்கள் ஓடின.

கில்ரே அக்கா தையலை நிறுத்தாமல், யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"எனக்கு அழணும் போல இருக்கு."

யாருடைய மெஷின் முதலில் நின்றது என்று தெரியவில்லை. எல்லாம் நின்றுவிட்டன. நாங்கள் எழுந்து அவளிடம் போனோம்.