செல்லுக்குள் போகும் வழி

அன்புள்ள அக்கா,

அம்மா நலம். எனக்கு இந்த வாரம் தொழிற்சாலையில் பகல் வேலை.

போன முறை உன் லேப் தோழி மீனலோசனியைக் கூட்டிவந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே உங்கள் லேப் ஆராய்ச்சியைச் சொன்னாய். "ஜீன் தனியாப் போனா செல் உள்ள விடாது. கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உருண்டைக்குள்ள வச்சு அனுப்புனா, தன் ஆளுன்னு நெனச்சு விட்டுடும்."

"தங்கச்சிக்கு இதெல்லாம் புரியாது லா," என்றாள் அவள். நீயும் சிரித்தாய்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. வந்ததுமே அவள் நம் அம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டாள். யாரும் கேட்காமலே வெங்காயம் உரித்தாள். அம்மா என் தலையணையை எடுத்து அவளிடம் கொடுத்தார். உன் பக்கத்தில் அவள் படுத்தாள். நீங்கள் ஆங்கிலத்தில் பேசிச் சிரித்தது கூடத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்டது.

அவள் நல்லவள்தான். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்றதற்கு அவள் என்ன செய்வாள்?

தீபாவளிக்கு அவளும் வருகிறாளா என்று அம்மா கேட்கச் சொன்னார். முறுக்குப் பிழிய நான் இருக்கிறேன்.

கிள்ளான் பஸ் நிலையத்துக்கு நானே சைக்கிளில் வருகிறேன். பின்னால் ஒருத்திதான் உட்கார முடியும்.

உன் கூடப் பிறந்தவள்