நல்லாப் பாத்துக்கிடுதாரு

தாணே
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செல்வி எழுதுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் போனில் வருவது போவது எல்லாவற்றையும் அவர் பார்க்கிறார். பெயர்தான் தமிழ்ச்செல்வன், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இந்தக் காகிதம். பக்கத்து வீட்டு ராபியா தாராவிப் பட்டறைக்கு வேலைக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கல்யாண நாளுக்கு அவர் கட்டிவிட்ட ஸ்மார்ட் வாட்ச் அழகு என்றாயே. நேற்று மார்க்கெட்டில் கொத்தவரங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து போன். "ஒரே கடையில இவ்ளோ நேரம் யார்கிட்ட பேசுறே?" சாயங்காலம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அரே, வாட்ச்னா டைம் பாக்க மட்டுமா? ஆளைக் கண்காணிக்கறதுக்கும் இங்கிலீஷ்ல அதே வார்த்தைதான்" என்று சிரித்தார்.

அன்புத் தங்கை,
கலைச்செல்வி


தாராவி
13.2.2025

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். "பொண்டாட்டிய நல்லாப் பாத்துக்கிடுதாரு, இதுல என்ன குத்தம்?" என்கிறார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கொஞ்சம் பொறுத்துப் போ. வீட்டில் இருக்கும்போதாவது அந்த வாட்சைக் கழற்றி வையேன். நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
முப்பிடாதி


தாணே
20.2.2025

அக்கா,

கழற்றி வைத்தேன். மத்தியானமே ஆபீசை விட்டு வந்து நின்றார். அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அவரே மறுபடி கட்டிவிட்டார். அன்றிலிருந்து வெளியே பூட்டிவிட்டுத்தான் போகிறார். ஜன்னல் கம்பி வழியாக ராபியாவிடம் இதைக் கொடுக்கிறேன்.

இன்று காலை சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டரில் விரல் வைத்து, "மா... சி..." என்று எழுத்துக் கூட்டினார். போனில் பாடம் படிக்கிறாராம். "ஒங்க அக்கா என்னதான் எழுதுறாங்கன்னு நானும் படிக்கணும்ல?" என்றார். நீ எழுதுவதை நான் சொல்லவே இல்லை அக்கா. உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எழுதாதே.

செல்வி


22.2.2025

செல்வி,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான்.

அவர் வேலைக்குப் போனதும் ராபியா இதைத் தருவாள். நானும் அத்தானும் அவளோடுதான் வந்திருக்கிறோம், மாடிப்படியில் நிற்கிறோம். பூட்டை அறுக்க ஆள் கூட்டி வந்திருக்கிறோம். எதையும் எடுத்து வைக்காதே, கிளம்பும்போது வாட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டியிருக்கிற சேலையோடு வா. அத்தானுக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

அறுக்கிற சத்தத்துக்குப் பயப்படாதே. அது ஓயும்வரை ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொள்.

அக்கா