மூன்றாவது பெஞ்சில் மூன்று பேர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே மூவரும் நலம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் நலமில்லை என்று உட்காரும்போதும் எழும்போதும் அறிவித்துக்கொண்டிருக்கிறது. நீயும் நலம் என்றுதான் போனில் சொல்கிறாய், பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசுகிறவள் சொல்வதை எப்படி நம்புவது. இந்த வாரம் நடந்ததையும் போனில் சொன்னால், ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் தப்பிக்க முடியாது.

நம் சபைக்குப் புதுப் போதகர் வந்து எட்டு மாதம் ஆகிறது. உன் வயதுதான் இருக்கும், மீசை வைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. போன புதன்கிழமை சாயங்காலம் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என்னையும் அப்பாவையும் எதிரெதிரே உட்காரவைத்து மன்னிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பேசித் தீர்க்க முடியாதது எதுவும் இல்லை என்றார். வேலை பார்க்கும் பணிமனையில் யாரோ தன்மேல் புகார் கொடுத்துவிட்டார்கள் என்று அப்பா பயந்துபோய்த் துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டி வைத்தேன். கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. ஐயா முதல் ஆராதனைக்கு வர்றார், நீங்க ரெண்டாவதுக்கு வர்றீங்க, எட்டு மாசத்துல ஒரு நாள்கூட உங்களைச் சேர்த்துப் பார்க்கல, அதான் மனசு கேக்கல என்றார். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று நினைத்துவிட்டார், பாவம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் உன் அப்பா என்னோடு சண்டை போட வாயைத் திறந்ததே இல்லை. திறந்திருந்தால் வீடு கொஞ்சம் சுவாரசியமாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து உன் தம்பி உள்ளேயிருந்து வந்து போதகரை ஒட்டி உட்கார்ந்தான். அவர் கையைத் தூக்கி, கைக்கடிகாரத்தில் காதை வைத்துக் கேட்டான். அவரும் கையை இழுத்துக்கொள்ளாமல் இவர் யார் என்று கேட்டார். எங்க பையன்தான் ஐயா, இருபத்திரண்டு வயசு, இவனைத் தனியா விட முடியாதுன்னுதான் ஆளுக்கொரு ஆராதனை என்றேன். உங்களுக்கு ஒரு மகன் இருக்கிறதை யாருமே எங்கிட்ட சொல்லலையே என்று அவர் கேட்டதும் என் சிரிப்பு நின்றது. யார் சொல்லுவார்கள். ஆறு வயதில் அவன் ஜெபத்தின் நடுவே கத்தினானே, நினைவிருக்கிறதா, நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு பார்வைக்குப் பயந்து பதினாறு வருஷம் அவனை வீட்டிலேயே வைத்திருந்தேன். விசாரிக்க வந்தவர்களையும், தூங்குகிறான் என்று சொல்லி வாசலோடு அனுப்பினேன். இதை உன்னிடம்கூட நான் ஒத்துக்கொண்டதில்லை. வர்ற ஞாயிறு மூணு பேரும் சேர்ந்து வாங்க என்றார் போதகர். அவனுக்கு ஒன்றும் புரியாது ஐயா என்று கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தேன். என் பிரசங்கம் பல வாரம் எனக்கே புரியறதில்லம்மா என்று எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில், கதவோரமாக உட்காரலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். உன் அப்பா என்னைத் திரும்பியே பார்க்காமல் அவனைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் பாடி முடித்த பிறகும் உன் தம்பி கடைசி அடியை விடாமல் இழுத்தான். பிரசங்கத்தின் நடுவில், வீட்டுக்குப் போலாமா என்று மூன்று தடவை கேட்டான், மற்றவர்களுக்கு அதைக் கேட்கத் தைரியம் இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் ஷ்ஷ் என்றேன். ஒன்றாம் வகுப்பு டீச்சரின் ஷ்ஷ் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னாலிருந்து தையற்கடை அம்மா என் தோளைத் தொட்டாள். போச்சு, வெளியே கூட்டிப்போகச் சொல்லப்போகிறாள் என்று நான் கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன். டீச்சர், தம்பி சத்தம் பரவாயில்ல, உங்க ஷ்ஷ்லதான் ஒண்ணுமே கேக்கமாட்டேங்குது என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவே இல்லை.

திருவிருந்துக்கு, முன்னால் போய் அப்பம் வாங்குகிற நேரம் வந்ததும், நீங்கள் போய்விட்டு வாருங்கள், பிறகு நான் போகிறேன் என்று அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினேன், பழக்கதோஷம். அவர் கவனிக்காத மாதிரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூவரும் ஒரே வரிசையில் நின்றோம். போதகர் எங்களுக்குக் கொடுத்தது போலவே அவன் உள்ளங்கையிலும் ஒரு துண்டு அப்பத்தை வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதன் பிறகு அவன் என்ன செய்தான் என்று நான் பார்க்கவில்லை.

வெளியே சபைச் செயலாளர் பிடித்துக்கொண்டார். உங்களை மாதிரிக் குடும்பங்களுக்காகவே பக்கத்துல கண்ணாடி போட்டு ஒரு தனி அறை கட்டலாம்னு இருக்கோம், உள்ளேயே ஸ்பீக்கர், சோபா எல்லாம் வச்சிடலாம் என்றார். நல்ல மனிதர், நல்லதை நினைத்துத்தான் சொன்னார். நான் வழக்கம்போல நன்றி சொல்லப் போனேன், அதற்குள் உன் அப்பா, தனியா உக்காந்தது போதுங்க, சோபா வாங்குறதா இருந்தா மூணாவது பெஞ்சு இருக்கிற இடத்துல போடுங்க, எனக்கு முழங்கால் வலி என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசி நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைக்கப் போடலாம் என்றால் உன் தம்பி கழற்ற விடவில்லை, சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான். விரலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அந்த அப்பத் துண்டில் பாதி. அங்கேயே சாப்பிட வேண்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டானே என்று பதறிப்போய்த் திட்டப் போனேன். அக்காவுக்கு என்றான். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்துவிட்டோம் என்று நான் காலையிலிருந்து பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன், அவன் அங்கேயே நாலு பேர் என்று எண்ணியிருக்கிறான். போதகரிடம் போனில் சொன்னேன், அக்கா எப்ப வர்றாங்க என்று மட்டும் கேட்டார்.

அதையே நான் உன்னிடம் கேட்கிறேன். லீவு கேட்கிறேன் என்று நீ சொன்ன திங்கட்கிழமை வந்து போய் மூன்று வாரம் ஆகிறது, மறக்காமல் கேள், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரி டிக்கெட் போடு. நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் கூடவே இருந்து உன்னைக் காக்கட்டும். அப்பாவும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொல்கிறார், வாயால் அல்ல, பேனாவைச் சுட்டிக்காட்டி.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா