மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருக்கிறார்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே நலம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பாய். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

உறையின் மேல் எழுதியிருக்கும் முகவரியைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்றிருக்கும். இருக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்றும் நினைப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ வேறொன்றைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாய். மிஞ்சிப் போனால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தின் வாயை அப்படிப் பொத்த முடியாது. கடைசி வரை படி.

நான் ஜெர்மன் படிக்கப் போகிறேன் என்றபோது நீ சிரித்தாய். "இந்த வயசுல எதுக்கும்மா? நான்தான் பக்கத்துல இருந்து சொல்லப் போறேனே" என்றாய். நீ சொன்ன லட்சணம் எனக்குத் தெரியும். உன் கல்யாணத்தின்போது நானும் சம்பந்தியம்மாவும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல் எதிரெதிரே உட்கார்ந்து தாடை வலிக்கும்வரை சிரித்தோம். அந்த அம்மாள் கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினாள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். "சாப்பாடு நல்லாருக்காம்" என்றாய். அவ்வளவு பேச்சுக்கு அவ்வளவுதான் அர்த்தமா? அன்றைக்கே நினைத்தேன், இந்தப் பெண் வடிகட்டித்தான் கொடுக்கிறாள் என்று. அதனால்தான் வகுப்பில் சேர்ந்தேன். கோடைக்கு உங்கள் வீட்டுக்கு வரும்போது எனக்கு வேண்டியதை நானே கேட்டுக்கொள்ளலாம் என்றுதான்.

சைக்கிள் கடை மாடியில் வகுப்பு. மருந்துக்கடையில் என் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவேன். நர்ஸ் வேலைக்கும் மேல்படிப்புக்கும் போகிற பிள்ளைகள் நடுவே மூக்குக் கண்ணாடியோடு நான் ஒருத்தி. டீச்சர் உன்னைவிடச் சின்னவள். என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் போட வேண்டிய 'டெர்', 'டி', 'டாஸ்' மாற்றிச் சொன்னால் ஆன்ட்டி என்றும் பார்க்க மாட்டாள்.

அந்தப் பாடப்புத்தகத்தின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஆத்திரம். குறையே இல்லாத மனிதர்களுக்காக எழுதிய புத்தகம் அது. ரயில் எப்போது வரும், ஜன்னலோரம் இடம் கிடைக்குமா, இந்தச் சட்டையில் வேறு அளவு இருக்கிறதா. திரும்பிய பக்கமெல்லாம் 'பிட்டே', 'டாங்கே'. தயவுசெய்து, நன்றி, தயவுசெய்து, நன்றி. ஒருவரைப் பார்த்து "இது நியாயமா?" என்று கேட்க ஒரு வாக்கியம் கிடையாது. டீச்சரிடம் கேட்டேன். அதெல்லாம் மேல் வகுப்பில்தான் வரும் என்றாள். கோபப்படுவதற்குக்கூட பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டுமாம்!

போன மாதம், வெளியாள் ஒருவரிடம் ஜெர்மனில் பேசிவிட்டு வரச் சொன்னாள் டீச்சர். மற்றப் பிள்ளைகள் முழித்தார்கள். எனக்கென்ன, சம்பந்தியம்மா இருக்கிறாள். கீழே அவள், மேலே நீங்கள், இரண்டு வீட்டுக்கும் ஒரே டெலிபோன். கல்யாணத்தின்போது அந்த அம்மாள் தன் கையால் எழுதிக் கொடுத்த எண்ணை இன்னும் பத்திரமாக வைத்திருந்தேன். நாலு வார்த்தை பேசிவிட்டு உன்னைக் கூப்பிடச் சொல்லி அசத்திவிடலாம் என்று நினைத்தேன். கடையின் பின்னறையில் இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு போன் போட்டேன்.

'குட்டன் டாக்' என்று வணக்கம் சொன்னேன். யார் பேசுவது என்று சொன்னேன். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். பிறகு, 'வோ இஸ்ட் மைனே டோக்டர்' என்று கேட்டேன். மகளுக்கு அவர்கள் ஊரில் டோக்டராம். மருந்துக்கடைக்காரிக்கு அந்தச் சொல் மறக்குமா? என் மகள் எங்கே. அவ்வளவுதான் நான் கேட்டது.

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், பிள்ளைக்குச் சொல்வது போல. 'ஸீ வோன்ட் நிஷ்ட் மேர் ஹியர்.'

வசிப்பது என்ற சொல்லைத்தான் அந்த வாரம் முழுக்க வகுப்பில் ஒப்பித்தோம். நான் இங்கே வசிக்கிறேன், நீ அங்கே வசிக்கிறாய், அவள் இங்கே வசிக்கவில்லை. எனக்குப் புரியவில்லை என்று சொல்லவும் முதல் நாளே கற்றுக் கொடுத்திருந்தார்கள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டதே! ஒரு எழுத்து விடாமல் புரிந்துவிட்டது. அவள் இப்போது இங்கே வசிப்பதில்லை.

அவள் மேலே ஏதேதோ சொன்னாள். குரல் உடைந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? 'டாங்கே' சொல்லிவிட்டு வைத்தேன். பெற்ற மகளின் வீடு உடைந்த சேதி கேட்டு நன்றி சொன்ன தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தப் பாழாய்ப்போன புத்தகம் என்னை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். மனுஷன் பதறவில்லை. என்ன, ஏது என்று கேட்கவில்லை. கழற்றிப் போட்ட செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. "உனக்குப் பிரஷர்னு அவதான் சொல்ல வேணாம்னா" என்றார்.

எனக்குப் பிரஷராம்! ஊருக்கே பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் நான். யார் எதைத் தாங்குவார்கள் என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் பார்க்கிறேன். மகன் போன சேதியோடு வந்து, மறக்காமல் மருமகளுக்குத் தலைவலி மாத்திரை வாங்கிப் போன தாயைப் பார்த்திருக்கிறேன். நான் மட்டும் கண்ணாடிப் பாத்திரமா? ஒரு சளி பிடித்தால்கூட ஊரைக் கூட்டும் உன் அப்பா தாங்குவார், நான் தாங்க மாட்டேனா?

பனிக்காலத்திலிருந்து நீ எனக்குச் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். வீடியோவில் உனக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவர். மாப்பிள்ளை எங்கே என்றால் குளித்துக்கொண்டிருக்கிறார். காலையில் கேட்டாலும் குளிக்கிறார், சாயங்காலம் கேட்டாலும் குளிக்கிறார். அந்தக் குளிரில் ஒரு மனிதன் எத்தனை தடவைதான் குளிப்பான்? நானும் நம்பினேன். அங்கே வெந்நீர் தாராளம் போலிருக்கிறது என்று கடையில் பெருமை வேறு பேசினேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் நான் எழுந்து போகவில்லை. எனக்குச் சில வாக்கியங்கள் வேண்டும் என்றேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தாள். மேல் வகுப்புக் கதையெல்லாம் பேசவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். உடம்பு நன்றாக இருக்கிறாளா? சாப்பிடுகிறாளா? தனியாகவா இருக்கிறாள்? நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். தனியாகவா என்ற இடத்தில் மட்டும் நாக்கு இடறிக்கொண்டே இருந்தது.

சம்பந்தியம்மாவை மறுபடி கூப்பிட்டேன். அவள் பொறுமையை மெச்ச வேண்டும். புரியாததை வேறு வேறு விதமாகச் சொன்னாள். நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறாயாம். இளைத்துவிட்டாயாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள்தான் சூப் வைத்து எடுத்து வருகிறாளாம். மாடியில் இப்போது 'ஐனே அண்டரே' இருக்கிறாளாம். வேறொருத்தி. புத்தகத்தில் வேறு அளவுச் சட்டை கேட்க வரும் அதே சொல். அதை இதற்கும் சொல்லலாம் என்று எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

கடைசியில் அவள், 'மைன் ஸோன் இஸ்ட் டும்' என்றாள். என் மகன் முட்டாள். நான் கற்ற முதல் வசவு. அதையும் அவனைப் பெற்றவள் வாயிலிருந்தே கற்றேன். பிறகு உன் அறையின் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகே வைத்தேன்.

இப்போது என் கேள்விக்குப் பதில் சொல். தப்பு செய்தவன் மாடியில் நிம்மதியாக இருக்கிறான். நீ எதற்கு வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாய்? யாருக்கு வெட்கம்? எனக்கா? என் கோபம் நீ அந்த வீட்டைவிட்டு வந்ததற்கு இல்லை. வந்த அன்றைக்கு எனக்குப் போன் போடாததற்குத்தான். உன்னைப் பெற்றவள் உயிரோடு இருக்கும்போது, உன் துக்கத்தை வேற்று மொழியில் பாடம் படித்து நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பயண டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்றார் உன் அப்பா. ரத்தாவது ஒன்றாவது. சொன்ன தேதியில் வருகிறோம், உன் அறைக்கு. இடம் போதாது என்று எழுதாதே, தரையில் படுத்துக்கொள்கிறோம். சம்பந்தியம்மா எங்களை அழைத்துப் போக ரயிலடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்களுக்கு நடுவில் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.

நான் உன்னை எதுவும் கேட்க மாட்டேன். அங்கேயே இரு என்றோ, எங்களோடு வந்துவிடு என்றோ சொல்லவும் மாட்டேன். அது உன் முடிவு. நீ எங்கே இருந்தாலும் தலைநிமிர்ந்து இரு, வேளைக்குச் சாப்பிடு, நூறு வயது இரு. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நாங்கள் வந்து கதவைத் தட்டும்போது ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டு வராதே. எந்த முகத்தோடு இருக்கிறாயோ, அந்த முகத்தோடு வந்து கதவைத் திற.

கோபம் தீராத,
உன் அம்மா