ரப்பர் பட்டைக்குக் காது வெட்டிய உன் அப்பா

அன்பு மகள் சுன்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், என் இடுப்பில் வைத்த உலோகமும் நலம், உன் அப்பா நலம், அவருடைய வாய் அவரைவிட நலம். உன் சித்தப்பா ஹெய்க்காவுக்கு மூளை என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலம். பெர்கனில் ஓயாத அந்த மழையில் நீயும் சளி பிடிக்காமல் நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ மூன்று சொல்லிக் குறுக்கே வருகிறாய், காகிதத்தில் உன்னால் அது முடியாது, அதனால்தான்.

போன வாரம் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அம்மா, அப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, இந்த ஒரு வருஷம் வீட்டுல இரேன் என்றாய். முப்பத்தொரு வசந்தம் இந்தப் பனிமான் மந்தையோடு கடற்கரை மேய்ச்சலுக்குப் போயிருக்கிறேன், அதில் ஒன்றில் நீ என் வயிற்றில் ஆறு மாதம். இலையுதிர் காலத்தில் ஒருமுறை விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டேன் என்பதற்காக, நான் வேகவைத்த எலும்பை உடைத்து மஜ்ஜையை உறிஞ்சிக்கொண்டே அண்ணனும் தம்பியும் என் மேஜையில் உட்கார்ந்து எனக்குத் தீர்ப்பு எழுதினார்கள். இந்த வருஷம் ஹெய்க்கா அவனுடைய வண்டியில், உன் அப்பா என் பனிவண்டியில், கூடாரமும் எரிபொருளும் ஏற்றிய பெரிய சறுக்குவண்டியை இழுக்க என் வண்டிக்குத்தான் வலு உண்டாம். வண்டிக்கு வலு உண்டு, அதை ஓட்டுகிறவளுக்கு இல்லை. நீ சாப்பாட்டக் கட்டிக் குடு ரவ்னா, அது போதும் என்றார் உன் அப்பா. எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் வந்தது, அதை அவர்களுக்குக் காட்டவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன். நீயும் அவர்கள் பக்கம் சேர்ந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மார்ச் மாதம் கல்லில் ஏறி என் வண்டியின் அடியில் ஓடும் ரப்பர் பட்டை ஒரு முழம் கிழிந்துபோனது உனக்குத் தெரியும். புதுப் பட்டை வந்து இறங்கியது. வந்ததும் உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, அதற்குக் காது வெட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன் பொதுக் கொட்டகையில் இருந்த பட்டை ஒன்றை ஹெய்க்கா தன்னுடையது என்று நினைத்து எடுத்து மாட்டிக்கொண்டான் அல்லவா, அன்றிலிருந்து உன் அப்பா மண்வெட்டி, பிளாஸ்க், எண்ணெய்க் கேன் என்று வீட்டில் எதையும் விட்டுவைக்காமல் தன் மான்களின் காதில் வெட்டும் அடையாளக் குறியையே கத்தியால் போட்டு வைக்கிறார். இடது காதுக்கு நுனியில் பிளவு, வலது காதுக்குப் பின்னால் இரண்டு வெட்டு. பட்டையை முன்னால் போட்டுக்கொண்டு, ஓரத்துப் பல் ஒன்றில் இடது, எதிர் ஓரத்துப் பல் ஒன்றில் வலது என்று கன்றுக்குட்டிக்கு வெட்டுவதுபோல அழகாக வெட்டினார். எதிரே உட்கார்ந்து வெட்டுகிறவனுக்கு இடமும் வலமும் மாறும் என்பது ஆறு வயதில் கத்தி பிடித்த கைக்குத் தெரியாதா. கன்று என்றால் தெரிகிறது. ரப்பருக்கு முகம் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை, அதைச் சொல்ல அதன் ஓரத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறார்களே, அதையும் பார்க்கவில்லை.

பிறகு மாட்டினார்கள். இடது குறி இடது பக்கம் வரவேண்டும் என்பது ஒன்றே அவர்களுக்கு வேதம். பின் சஸ்பென்ஷனை உள்ளே வைத்தது இருக்கிறதே, அதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். பின் அச்சில் இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்தாமலே அதைப் பட்டைக்குள் திணிக்கப் பார்த்து, நுழையவில்லை என்று சுத்தியலால் அடித்தார்கள். ஒரு வழியாக நுழைந்ததும் ஹெய்க்கா ஒரு பக்கத்து போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கிவிட்டான், மறுபக்கத்துத் துளை இரண்டு விரல் தள்ளி நின்றது. கொட்டகை முழுக்க அவர்கள் பேசிய வார்த்தைகளைப் பாதிரியார் கேட்டிருந்தால் அந்த ஞாயிறே கோயிலைப் பூட்டியிருப்பார். நான் வாசலில் ஊன்றுகோலோடு நின்று பார்த்தேன். அம்பு பின்னாடி பாக்குதே என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அதற்கு ஹெய்க்கா, அண்ணி, அம்பு கம்பெனிக்காரன் போட்டது, காது எங்க அப்பா குடுத்தது, நாங்க எதக் கேக்கணும் என்றான். நான் வீட்டுக்குள் போய்க் காப்பி போட்டுக் குடித்தேன்.

மறுநாள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் பாதிச் சுமையோடு ஏற்றிப் பார்த்தார்கள். வண்டி ஏறவில்லை, நின்ற இடத்திலேயே பனியைத் தோண்டிப் புதைந்தது. பல்லெல்லாம் தலைகீழாக இருந்தால் பிடிமானம் எங்கிருந்து வரும். பனி சரியில்லை என்றார்கள், பெட்ரோலில் தண்ணீர் என்றார்கள், கடைசியில் உன் அப்பா, நீ அஞ்சு வருஷமா ஓட்டி என்ஜினையே கெடுத்துட்ட என்றார். அந்த வார்த்தைக்குத்தான் நான் கொட்டகைக்குள் இறங்கினேன். கருவுற்ற மான்கள் ஏற்கெனவே தலையை வடக்கே திருப்பிக்கொண்டு நிற்கின்றன, அதில் உன் குறி போட்டவையும் உண்டு, வெள்ளிக்கிழமைக்குள் கிளம்பாவிட்டால் ஆற்றுப் பனிக்கட்டி தாங்காது, வழியிலேயே கன்று போட்டு நரிக்கும் கழுகுக்கும் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்தும் இரண்டு ஆண்பிள்ளைகள் பெட்ரோலை முகர்ந்துகொண்டு நின்றார்கள்.

எல்லாவற்றையும் கழற்ற வைத்தேன். முன் அச்சை இறக்கிப் பட்டையை அம்புக்குறிப்படி திருப்பிப் போட்டோம். பழைய மான்தோலை விரித்து வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தோம். முதலில் பின் அச்சின் இறுக்கத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் தளர்த்தினேன், பிறகு சஸ்பென்ஷனை மான் பிடிக்கும் சுருக்குக் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி, ஹெய்க்காவை அதன்மேல் முழங்கால் போட்டு அழுத்தச் சொல்லி இழுத்துக் கட்டினேன், அவன் எடை வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்துக்கு ஆயிற்று. மடங்கிய உடனே அது பட்டை வளையத்துக்குள் சரிந்து போனது, சுத்தியல் ஒன்றும் கேட்கவில்லை. சஸ்பென்ஷனின் முன்பக்கத்து போல்ட் இரண்டையும் விரலால் மட்டும் திருகி விட்டேன். வண்டியை நிமிர்த்தி, கயிற்றை அவிழ்த்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, துளையில் திருப்புளியை விட்டு நெம்பிப் பின் போல்ட்டுகளையும் விரலால் திருகினேன். நாலும் மரையில் பிடித்த பிறகுதான் ஸ்பானரைத் தொட்டேன். கடைசி போல்ட்டில் இடுப்பு சுரீர் என்று இழுத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். உன் அப்பா பார்த்துவிட்டார். ஸ்பானரை வாங்கி அந்த ஒன்றை மட்டும் அவர் இறுக்கினார். பின்பக்கத்தை முட்டுக்கட்டைமேல் ஏற்றி ஓடவிட்டு, பட்டை நடுவில் ஓடுகிறதா என்று பார்த்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். முழுச் சுமையோடு மேட்டில் ஏற்றினேன். ஏறியது.

இனி மிச்சத்தைக் கேள். பட்டையைத் திருப்பியதில் காதும் திரும்பிவிட்டது. பிளவு வலப்பக்கம், இரண்டு வெட்டு இடப்பக்கம். அப்படி மாறினால் அது யாருடைய குறி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒன்பது வருஷமாக வேலித் தகராறில் நம்மோடு முகம் கொடுத்துப் பேசாத அஸ்லாத் வீட்டுக் குறி. உன் அப்பா குனிந்து பார்த்தார், முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அஸ்லாத் காதோட நான் ஆத்தக் கடக்கணுமா, அவன் ஆளுங்க அங்கதான் நிப்பாங்க, என் பேரச் சொல்லி, பியெராவோட வண்டி அஸ்லாத் கைக்குப் போயிருச்சுன்னு கோடை முழுக்கச் சிரிப்பாங்க என்றார். ஹெய்க்காவோ, எனக்கு வேணாம்பா, அண்ணன்தான வெட்டுனாரு என்று நழுவினான். போன வாரம் எனக்கு இடுப்பு இல்லை என்ற இருவரும், ஒரு விரல் நீள ரப்பரில் தங்கள் மானம் இருக்கிறது என்று வண்டியைத் தொட மறுத்தார்கள். உன் அப்பாவின் பழைய வண்டி அவ்வளவு சுமையை இழுக்காது. கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் பார்க்காமலே, சுவரைப் பார்த்து, உனக்கு ஒக்கார முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

நாளைக்குக் கிளம்புகிறோம். உலர்ந்த இறைச்சியும் வலி மாத்திரையும் எடுத்து வைத்துவிட்டேன், மருத்துவர் சொன்ன தோல் பெல்ட்டையும் கட்டிக்கொள்வேன், நீ கவலைப்படாதே. வீட்டு போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்காது. நீ வேளைக்குச் சாப்பிடு, நனைந்த காலுறையோடு வேலைக்குப் போகாதே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் மான்கள் எல்லாம் கன்றோடு கரை சேரட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. அந்த இரண்டு வெட்டுக்குப் பக்கத்தில் கத்தியால் மூன்றாவதாக ஒரு வெட்டுப் போட்டால் போதும், அது அஸ்லாத் குறியும் இல்லை, ஊரில் யார் குறியும் இல்லை. அரை நிமிட வேலை. அவர்கள் இருவருக்கும் இதுவரை தோன்றவில்லை. எனக்கு அந்தக் கணமே தோன்றியது. வழியில் எங்காவது சிக்னல் கிடைத்து அப்பா உன்னைக் கூப்பிட்டால், நீ வாயைத் திறக்காதே.

இப்படிக்கு,
இந்த வருஷமும் மந்தையோடு போகும் உன் அம்மா,
ரவ்னா